கையோடு வந்த முடி

ரௌமா,
3 மே 1989

அன்புள்ள அத்தைக்கு,

மிர்வா எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? கயானியில் ஏரிப் பனி உருகியதா, இன்னும் கிடக்கிறதா? இங்கே கடலோரத்தில் எப்போதோ உருகிவிட்டது. மே தினத்துக்கு டோனட் பொரித்தேன். எண்ணெய் வாடை இன்னும் திரைச்சீலையை விட்டுப் போகவில்லை. உங்கள் பிள்ளை யார்க்கோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போயிருக்கிறார். அந்த நேரத்தில்தான் எழுதுகிறேன்.

எழுதும் காரணம் என் தலை. சிரிக்காதீர்கள், அத்தை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் உங்கள் கடை நாற்காலியில் உட்காரவைத்து, ரோட்டுப் புழுதி நிறத்தில் இருந்த என் முடியை நீங்கள்தானே பொன்னாக வெளுத்துவிட்டீர்கள். சர்ச்சில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து உங்கள் மகனுக்கு அந்த நிறம்தான் வேண்டும். வேரில் பழுப்பு கொஞ்சம் எட்டிப் பார்த்தாலும், “நான் கட்டிக்கிட்டவ எங்கடி போனா?” என்பார். பார்லருக்கு அனுப்பமாட்டார். பொடியும் பெராக்சைடும் அவரே வாங்கிவந்து, அவரே கலக்கி, அவரே தடவுவார். உங்கள் கடையில் வளர்ந்தவர் ஆயிற்றே, பழகிய கைதான்.

இந்த முறை மே தினத்துக்குக் கூட்டாளிகள் வரும் அவசரம். “சூட்டுல சீக்கிரம் வெளுத்துரும், போய் சவுனாவுல உக்காரு” என்றார். தலை நிறையப் பசையோடு அந்த நீராவி அறையின் மேல் பலகையில் உட்கார்ந்தேன். ஆவி கிளம்பச் சுடுகல்லில் தண்ணீரும் ஊற்றிவிட்டுப் போயிருந்தார். ஆவி ஏற ஏற மண்டை பற்றி எரிந்தது. இறங்கிவந்து கதவைத் தள்ளினேன். சிக்கிக்கொண்டது. பிறகு திறந்தது.

அலசும்போது முடி கையோடு வந்தது. மிச்சம் இருப்பது ஈரத்தில் சூயிங்கம் மாதிரி இழுபட்டு, அறுந்துபோகிறது. காதுக்குப் பின்னால் கொப்புளம். பள்ளிக்கூடச் சமையலறையில் தொப்பி போட்டே வேலை என்பதால் யாரும் பார்க்கவில்லை.

என்ன போட்டால் சரியாகும் என்று எழுதுங்கள். நான் எழுதியதை யார்க்கோவிடம் சொல்ல வேண்டாம். வருத்தப்படுவார்.

உங்கள் மருமகள்,
மிர்வா

*

கயானி,
8 மே

என் செல்ல மிர்வாவுக்கு,

அடி அறிவுகெட்டவளே! தலையில் பசையோடு சவுனாவுக்குள் போனாயா? இந்த நாட்டைத் தவிர வேறெங்கேயும் ஒருத்திக்கு இப்படி யோசனை வராது. நமக்குத்தான் சளி பிடித்தாலும் சவுனா, பிள்ளை பெற்றாலும் சவுனா, இப்போது முடி வெளுக்கவும் சவுனா! அந்தப் பொடி தானாகவே சூடேறும் சாமான். அதை அடுப்பில் வைத்தால் முடி வேகாமல் என்ன செய்யும்? உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையில் நின்று வாய்விட்டுத் திட்டித் தீர்த்தேன். டிரையருக்குள் தலை கொடுத்திருந்த தபால்காரர் மனைவி தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

கவனமாகக் கேள். செத்த முடியை எந்த மருந்தும் எழுப்பாது. எவள் விற்றாலும் நம்பாதே. இருக்கிறதை அறுந்துபோகாமல் காப்பாற்றலாம், அவ்வளவுதான். வெந்நீர் ஊற்றாதே. துண்டால் தேய்க்காதே, ஒற்றியெடு. சீப்பு அகலப் பல்லாக இருக்கட்டும், நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே வா. கண்டிஷனரை நிறையப் பூசி ஊறவிட்டு அலசு. புரதக் களிம்பு ஒன்று என்னிடம் இருக்கிறது, முடிக்கு முறுக்கு ஏற்றும். அடுத்த பார்சலில் வருகிறது. கொப்புளத்தை நோண்டாதே. இனி ஆறு மாதத்துக்குப் பொடி என்ற பேச்சே கூடாது. சீப்பில் வருகிற முடியைக் காகிதத்தில் மடித்து அனுப்பு. பார்த்தால் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

அப்புறம் அது என்ன, கதவு சிக்கிக்கொண்டதா? தாழ்ப்பாளே இல்லாத கதவு, தோளால் இடித்தால் திறந்துகொள்ளும். உள்ளே மயங்கி விழுகிறவன் உடம்பு பட்டாலே திறக்கணும் என்றுதானே அப்படிச் செய்கிறார்கள்? யார்க்கோவை விட்டு மரத்தை இழைக்கச் சொல்.

அவனுக்கும் இரண்டு வரி எழுதி இதே தபாலில் போட்டிருக்கிறேன். “டேய் மடையா, பொண்டாட்டி தலைய வேகவெச்சிட்டியாமே” என்று காதைத் திருகி விட்டிருக்கிறேன். நீ பயப்படாதே. யார் சொல்லி அவன் கேட்கிறானோ இல்லையோ, நான் சொன்னால் கேட்பான்.

ஏரியில் பனி இன்னும் கிடக்கிறது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

முத்தங்களுடன்,
உன் அத்தை துய்ரே

*

ரௌமா,
19 மே

அன்புள்ள அத்தை,

உங்கள் இரண்டு கடிதங்களும் ஒன்றாக வந்தன. அன்று அவருக்கு லீவு. தபால் பெட்டியைத் திறந்தது அவர்தான்.

தனக்கு வந்ததைச் சாப்பாட்டு மேசையில் வைத்து உரக்கப் படித்தார். சிரித்துக்கொண்டேதான் படித்தார். பிறகு எனக்கு வந்ததைப் பிரித்துப் படித்தார். நான் உருளைக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். “என்னப் பெத்தவகிட்டயே என்னப் போட்டுக் குடுக்கிறியாடி?” என்று கேட்ட குரலில்கூடச் சிரிப்பு இருந்தது. பின்கழுத்தில் முடியைக் கொத்தாகப் பிடித்து என் முகத்தைத் தட்டின் மேல் அடித்தான். தட்டு உடைந்தது. புருவம் கிழிந்தது. அதில் ஊறவைத்திருந்த ஹெர்ரிங் மீனின் வினிகர் கண்ணுக்குள் போனது. பிறகு உச்சி முடியைப் பிடித்துத் தரதரவென்று நடைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

வாசற்படிக்கட்டையில் என் கால் மாட்டியது. அவன் வெட்டி இழுத்தான். முடி மொத்தமாக அறுந்தது, அத்தை. கைநிறைய முடியோடு அவன் பின்பக்கம் அடிபட விழுந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், வாயில் ரத்தத்தோடு சிரித்தேன். பிறகு எழுந்து ஓடிக் குளியலறைக்குள் பூட்டிக்கொண்டேன். கதவின் கீழ்ப்பலகை உடையும்வரை உதைத்தான். களைத்துப்போய்த் தூங்கிவிட்டான்.

முடி கேட்டிருந்தீர்கள். இரண்டு காகிதமாக வைத்திருக்கிறேன். சீப்பில் வந்தது ஒன்று. நடையிலிருந்து பொறுக்கியது ஒன்று.

களிம்பு அனுப்ப வேண்டாம். முடிக்கு முறுக்கு ஏற வேண்டாம். அறுகிற முடி எனக்குப் பரவாயில்லை. அன்றைக்கு அது கெட்டியாக இருந்திருந்தால் நான் குளியலறை வரைக்கும் போயிருக்கமாட்டேன்.

இனி வீட்டு விலாசத்துக்கு எழுதாதீர்கள். பள்ளிச் சமையலறைத் தலைமைச் சமையல்காரி ரைலா பெயருக்கு எழுதுங்கள். தருவாள்.

மிர்வா

*

கயானி,
25 மே

மிர்வா,

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிவிட்டது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

கடையைச் சாத்திவிட்டு, வாடிக்கையாளருக்குப் போர்த்துகிற கறுப்புத் துணியை விரித்து, விளக்கைப் பக்கத்தில் இழுத்து, நீ அனுப்பியதைப் பரப்பினேன். முதல் காகிதத்தில் இருந்தது நான் எதிர்பார்த்ததுதான். நடுவில் அறுந்தது, நுனி பஞ்சாகப் பிரிந்தது. இரண்டாவதிலும் பெரும்பாலும் அதுவே. ஆனால் சிலவற்றின் முனையில் வெள்ளைக் குமிழ் இருந்தது. வேரோடு வந்தவை. ஒன்றிரண்டில் தோல் ஒட்டியிருந்தது. துணியை அப்படியே மடித்து வைத்துவிட்டேன். உதறத் தோன்றவில்லை.

கேட்காமல் இருக்க முடியவில்லை, கோபப்படாதே. நீ ஏதாவது சொன்னாயா? அவன் முன்கோபக்காரன்தான், எனக்குத் தெரியாதா? ஆனால் சும்மா கை நீட்டுகிறவன் இல்லை. துறைமுகத்தில் ஆட்குறைப்புப் பேச்சு என்று எழுதியிருந்தான், அந்த எரிச்சலும் இருக்கும். நான் எழுதியதும் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆம்பிளை கீழே விழுந்து கிடக்கும்போது நீயும் சிரித்திருக்கக் கூடாது.

நடுக்கோடைத் திருநாளுக்கு இரண்டு பேரும் இங்கே வாருங்கள், அவனையும் தனியாகக் கூப்பிட்டிருக்கிறேன். என் வீட்டில், என் கண் முன்னால் அவன் கையை ஓங்கமாட்டான். ஓங்கினால் நான் இருக்கிறேன். தீ மூட்டுவோம், சாசேஜ் சுடுவோம், அவனை உட்காரவைத்துப் பேசுகிறேன்.

இன்னொன்று. அந்தச் சவுனாக் கதவு. வாடிக்கையாளர் தலைக்கு ரோலர் சுற்றும்போதும் அதுதான் ஓடுகிறது. தாழ்ப்பாள் இல்லாத கதவு எப்படிச் சிக்கும்? நீ சரியாக எழுதவில்லையோ என்று நினைத்துக்கொள்கிறேன்.

அத்தை

*

ரௌமா,
1 ஜூன்

அத்தைக்கு,

நான் சிரித்திருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை ரைலாவிடம் படித்துக் காட்டினேன். அவள் கையிலிருந்த கரண்டியைச் சூப்பு அண்டாவுக்குள் எறிந்தாள்.

நீங்கள் சொன்னது சரி, கதவைப் பற்றி நான் சரியாக எழுதவில்லை. கதவு சிக்கவில்லை. அவன் வெளியே முதுகைக் கதவில் சாய்த்து, காலை எதிர்ச்சுவரில் ஊன்றி உட்கார்ந்திருந்தான். பீர் டின் திறக்கும் சத்தம் கேட்டது. நான் இடித்தேன், கத்தினேன், “யார்க்கோ, எரியுதுடா, திற!” என்றேன். “பொறுடி, இன்னும் மஞ்சளாத்தான் இருக்கும்” என்றான். விசிலடித்தான். நான் தரையில் படுத்து, கதவுக்கு அடியில் வரும் காற்றை மூக்கை வைத்து உறிஞ்சிக்கொண்டு கிடந்தேன். வாளியில் மிச்சம் இருந்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டதால் பிழைத்தேன். திறந்ததும் என் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பாத்தியா, என்ன வெள்ளை!” என்றான். சந்தோஷமாகச் சொன்னான்.

நீ ஏதாவது சொன்னாயா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், சொன்னேன். இனி வெளுக்க வேண்டாம், என் நிறமே இருக்கட்டும் என்று சொன்னேன். மே தினத்துக்கு முந்தின நாள் காலையில் சொன்னது அது. அதற்குத்தான் கதவு.

திருநாளுக்கு நான் வரமாட்டேன். நேற்று இரண்டு டப்பா பொடி வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறான். “எங்கம்மா வீட்டுக்குக் கரடி மாதிரி வராதே” என்கிறான். இருக்கிற தலையில் இன்னொரு தடவை அதைப் பூசினால் தாங்காது. எனக்கு பயமாக இருக்கிறது, அத்தை. உங்கள் மகன் என்னைக் கொன்றுவிடுவான் என்று பயமாக இருக்கிறது. இதைவிடச் சரியாக எழுத எனக்குத் தெரியவில்லை.

மிர்வா

*

கயானி,
28 ஜூன்

மிர்வா, என் கண்ணே,

நர்ஸ் இதை உனக்குப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். நடந்தது உனக்கு நினைவில்லை என்றும் சொன்னாள். பார்த்தவள் நான் ஒருத்திதான். நான் சொல்லாவிட்டால் உனக்கு யார் சொல்வார்கள்?

வரமாட்டேன் என்று எழுதியவளைக் காரில் போட்டுக் கொண்டுவந்தான். பொடியையும் கொண்டுவந்தான், நான் பூசிவிட வேண்டுமாம். “உன் கையாலன்னா நல்லா வரும்மா.” ஏரிக்கரையில் விறகு அடுக்கப் பக்கத்து வீட்டு ஆட்களோடு போனான். நான் உன்னைக் கடை நாற்காலியில் உட்காரவைத்துத் தலைத்துணியை அவிழ்த்தேன். உன் மண்டையைப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் தழும்பு, உச்சியில் உள்ளங்கையளவு வழுவழுவென்று வெறும் தோல். நீ கண்ணாடியில் என்னைப் பார்த்து, “வெட்டிருங்க அத்தை, எல்லாத்தையும்” என்றாய். வெட்டினேன். வெளுத்தது எல்லாம் தரையில் விழுந்து, ஒரு விரல் அகலத்துக்கு உன் சொந்தப் பழுப்பு மட்டும் நின்றது. “கோழிக்குஞ்சு மாதிரி இருக்கேடி” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அது நினைவிருக்கிறதா? பிடிக்க முடி இல்லாவிட்டால் இழுக்கமாட்டான் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

தீப்பெட்டி கேட்டு வந்தான். பார்த்தான். “யார்டி இது?” என்றான். “நான்தான்டா வெட்டினேன், நல்லாத்தானே இருக்கு” என்றேன். என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. கையை உன் தலைக்குக் கொண்டுபோனான். வழுக்கியது. திரும்பவும் பிடித்தான். திரும்பவும் வழுக்கியது. பிறகு கழுத்தைப் பிடித்தான்.

தலை கழுவும் தொட்டியில் உன் முகத்தை மோதினான். பீங்கான் விரிசல் விட்டது. தாடை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. திரும்ப மோதினான். நான் அவன் கையில் தொங்கினேன். “நீ நடுவுல வராதம்மா” என்று ஒரே தள்ளு, கண்ணாடியோடு போய் விழுந்தேன். அடுப்படியில் கிடந்த பிர்ச் விறகை எடுத்து அவன் முழங்கையில் அடித்தேன். முழு பலத்தோடு அடித்தேன். எலும்பு முறிந்தது. அப்போதுதான் உன்னை விட்டான்.

ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். அவன் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, “அம்மா, கை வலிக்குதும்மா” என்றான். நான் குளிர்பெட்டியைத் திறந்து ஐஸ் எடுத்து, துணியில் சுற்றி அவன் கையில் வைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். முதலில் அவனிடம்தான் போனேன். நீ தரையில் கிடந்தாய். அவனுக்கு வைத்துவிட்டுத்தான் உன்னிடம் வந்தேன்.

நன்றாகத் தூங்கு. கஞ்சி குடி.

உன் அத்தை

*

(ஊர் பெயர் எழுதக் கூடாதாம்)
30 ஜூலை

அன்புள்ள அத்தை,

பெண்கள் காப்பகத்தில் இருக்கிறேன். தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், எல்லாச் சாப்பாடும் உறிஞ்சுகுழல் வழியாகத்தான். சால்மன் சூப்பை உறிஞ்சிப் பாருங்கள், அப்போது தெரியும் என் நிலைமை. முடி நன்றாக வருகிறது. உச்சியில் மட்டும் இன்னும் வெறும் தோல்தான். அங்கே முளைக்காது என்கிறார் டாக்டர்.

வக்கீல் வந்தாள். அவன் என்ன வாக்குமூலம் கொடுத்திருக்கிறான் தெரியுமா? ஈரத் தரையில் நான் வழுக்கித் தொட்டியில் விழுந்தேனாம். நீங்கள் பதறிப்போய் அவன்தான் அடித்தான் என்று நினைத்து அவன் கையை உடைத்துவிட்டீர்களாம். தலையில் இருக்கும் திட்டுகள் எல்லாம் நானே பைத்தியமாக வெளுத்துக்கொண்டதால் வந்தவையாம். காவலில் இருந்துகொண்டே கூட்டாளி ஒருவன் மூலமாக ரைலாவிடம் சொல்லியனுப்பியிருக்கிறான்: “வெளிய வந்ததும் பேசிக்கிறேன்னு சொல்லு.” அவன் வெளியே வந்தால் நான் எங்கே போவேன்? ரைலா வீட்டுக்குப் போனாலும் காட்டிக்கொடுக்க ஒரு ஆள் போதும்.

நீங்கள் சொன்னால்தான் வழக்கு நிற்கும் என்கிறாள் வக்கீல். ஆனால் தாய் என்பதால் சாட்சி சொல்லமாட்டேன் என்று சொல்ல உங்களுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். உங்கள் கடிதத்தை உங்களுக்கு எதிராகக் கொண்டுபோய் நீட்டமாட்டேன்.

ஐஸ் வைத்ததை நீங்கள் எழுதாமலே விட்டிருக்கலாம். எனக்குத் தெரியவே வந்திருக்காது. எழுதினீர்கள். அதனால்தான் கேட்கத் தைரியம் வருகிறது. வந்து சொல்லுங்கள், அத்தை.

மிர்வா

*

26 ஆகஸ்ட்

அத்தை, பதில் இல்லை. ரைலா தினமும் தபால் பெட்டியைப் பார்க்கிறாள். கம்பியை எடுத்துவிட்டார்கள். முதலில் ரொட்டி கடித்தேன், அழுகை வந்தது. வரமாட்டீர்கள் என்றால் அதையாவது ஒரு வரி எழுதிவிடுங்கள். காத்திருப்பது அடி வாங்குவதைவிட மோசமாக இருக்கிறது.

மிர்வா

*

கயானி,
26 நவம்பர்

மிர்வா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் எழுதவில்லை. கோர்ட்டு வாசல்வரைக்கும் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. உள்ளே போனபோது கதவோரம் தொப்பி போட்டு நீ உட்கார்ந்திருந்தாய். உன்னை நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாய். பார்த்தேன். அவனையும் பார்த்தேன். நான் வாங்கிக்கொடுத்த சட்டையைப் போட்டு வந்திருந்தான்.

“நீங்க அம்மா, சொல்லணும்னு கட்டாயம் இல்ல, தெரியுமா?” என்று நீதிபதி கேட்டார். “தெரியும், சொல்றேன்” என்றேன். சொன்னது எல்லாம் அங்கே உட்கார்ந்து நீயே காதால் கேட்டதுதான். அவனுடைய வக்கீல், “அந்தத் திட்டு வெளுக்குற பொடியால வந்ததுதானே” என்று மடக்கப் பார்த்தான். “பொடி முடிய அறுக்கும், தோலச் சுடும். பிடுங்காது. பிடுங்குறதுக்கு ஒரு கை வேணும்” என்றேன். யாருடைய கை என்று கேட்டான். விரலை நீட்டிக் காட்டினேன்.

வெளியே வராந்தாவில் நடந்தது உனக்குத் தெரியாது. போலீஸ்காரர்கள் நடுவில் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். என் பக்கம் வந்ததும் நின்றான். திட்டுவான் என்று நினைத்தேன். “பொடி கலக்க நீதானம்மா சொல்லிக்குடுத்தே” என்றான். அவ்வளவுதான். இரண்டு வருடத் தண்டனையை அவன் மறந்துவிடுவான். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும், சாகும்வரைக்கும்.

பார்க்க அனுமதி கிடைத்த நாளில் ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஜெயிலுக்குப் போனேன். என்னைப் பார்க்க விருப்பம் இல்லை என்று சொல்லிவிட்டானாம். பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். மறுபடியும் போனேன். மறுபடியும் அதேதான். போன வாரம் தபால்காரர் மனைவி என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, “பெத்த புள்ளையக் காட்டிக்குடுக்க எப்படி மனசு வந்துச்சு, துய்ரே?” என்று கேட்டாள். தலை நிறைய ரோலரோடு அவளை எழுப்பித் தெருவில் விட்டேன். அப்படியே வீடுவரைக்கும் நடந்து போனாள்.

கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா என்று தீர்ப்புக்குப் பிறகு அனுப்பிய தபால் அட்டையில் கேட்டிருந்தாய். வராதே.

நான் சொன்னது உண்மை. நாளைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். நீ உயிரோடு இருப்பது எனக்குச் சந்தோஷம், மனசாரச் சொல்கிறேன். ஆனால் உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மிர்வா. நியாயமே இல்லாத கோபம். நீ என்ன தப்பு செய்தாய்? ஒன்றும் இல்லை. தெரிந்தும் போகமாட்டேன் என்கிறது. அடி வாங்கியவள் நீ, பிள்ளையை இழந்தவள் நான். எனக்கு இருந்தது அவன் ஒருத்தன்தான். கிறிஸ்துமஸ் மேசையில் நீ எதிரே உட்கார்ந்தால், உன் பக்கத்தில் காலியாக இருக்கிற நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அதை நீ கண்டுபிடித்துவிடுவாய். உனக்கு இனி அப்படிப்பட்ட வீடு எதுவும் வேண்டாம்.

உச்சியில் முளைக்காது என்று டாக்டர் சொன்னது சரிதான். பக்கத்து முடியை நீளவிட்டு அதன் மேல் சீவிக்கொள். யாருக்கும் தெரியாது.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்ப என்னால் முடியாது. பிரித்துப் படித்துவிடுவேன். அதனால்தான் சொல்கிறேன், எழுதாதே.

துய்ரே